ஸ்விட்சுக்குள் ஒரு சோதனைச் சாவடி



முதல்லயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் நெட்வொர்க் இன்ஜினியர் இல்லை. இதழியல் படித்துவிட்டு, அரசுச் சேவைகளைப் பற்றி உங்களுக்குப் புரிகிற மாதிரி எழுதுகிற வேலையில் இருக்கிறேன். இன்றைக்கு இந்தத் தலைப்பில் பேச வந்ததற்குக் காரணம் என் தங்கச்சி.

பிளஸ் டூ முடித்து சென்டாக் விண்ணப்பத்துக்காகக் குடியிருப்புச் சான்றிதழ் வாங்க அவளைக் கூட்டிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்று கேட்காதீங்க. கவுன்டரில் இருந்த அம்மா சொன்ன வார்த்தை உங்களுக்கு மனப்பாடமாகத் தெரியும்: "சர்வர் டவுன்மா, நாளைக்கு வாங்க." மறுநாள் போனோம். அதே பதில். மூன்றாம் நாள் வரிசையில் நிற்கும்போது சும்மா என் போனில் அதே தளத்தைத் திறந்து பார்த்தேன். பளிச்சென்று திறந்தது. பக்கத்து ஜெராக்ஸ் கடையிலும் திறந்தது. அப்படியென்றால் சர்வர் நன்றாகத்தான் இருக்கிறது. விழுந்து கிடந்தது சர்வருக்கும் அந்த கவுன்டருக்கும் நடுவில் இருந்த ஏதோ ஒன்று.

அது என்னவென்று பிற்பாடு தெரிந்தது. உள்ளே ஒருவர், போனில் சிக்னல் வரவில்லை என்று வீட்டிலிருந்து பழைய வைஃபை பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து சுவரில் இருந்த கேபிள் முனையில் சொருகியிருக்கிறார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் வீட்டு வைஃபை பெட்டிக்கு ஒரு பழக்கம் உண்டு. பக்கத்தில் எந்தக் கம்ப்யூட்டர் விழித்தாலும் "இந்தா, உனக்கு ஒரு முகவரி" என்று எடுத்துக் கொடுக்கும். அலுவலகக் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக அதனிடம் முகவரி வாங்கிக்கொண்டு, உண்மையான வழியை விட்டுவிட்டன. சர்வர் ஓடிக்கொண்டே இருந்தது, அங்கே போக வழிதான் இல்லை.

"இதைத் தடுக்க ஒரே ஒரு வரி போதும், தம்பி" என்றார் நெட்வொர்க் வேலை பார்க்கிற ஓர் அண்ணன். அந்த ஒரு வரியைத் தேடிப் போய்த்தான் இவ்வளவும் தெரிந்துகொண்டேன்.

ஸ்விட்ச் என்றால் சுவரில் இருக்கும் லைட் சுவிட்ச் இல்லை. அலுவலகங்களில் ஒரு சிறிய இரும்பு அலமாரிக்குள், வரிசையாகத் துளைகளும் அதில் நீல நிற, சாம்பல் நிறக் கேபிள்களும் தொங்கிக்கொண்டு, பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு ஒரு பெட்டி இருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்தக் கட்டடத்தில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் கேமராவும் அதில்தான் வந்து சேரும். நீங்கள் அனுப்புகிற எதுவும் முழுசாகப் போகாது. பொட்டலம் பொட்டலமாகப் பிரிந்து போகும். அதைத்தான் பாக்கெட் என்கிறார்கள். ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் யார் அனுப்பியது, யாருக்கு, என்ன வகை என்று எழுதியிருக்கும். எது எந்தத் துளைக்குப் போகவேண்டும் என்று பார்த்து அனுப்புவது ஸ்விட்சின் வேலை. எதை விடலாம், எதை நிறுத்தலாம் என்று அதற்கு எழுதிக் கொடுக்கிற பட்டியலை இன்ஜினியர்கள் ஏசிஎல் என்பார்கள்.

சோதனைச் சாவடி என்றால் நம்ம ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். 1954 நவம்பர் 1-க்கு முன்னால் இங்கே பிரெஞ்சு நிலமும் அந்தப் பக்கத்து நிலமும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடந்தன. அடுத்த கிராமத்துக்குப் போகவே சுங்கச் சாவடியைத் தாண்டிய கதையை வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். இப்போதும் கோரிமேடு தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போகிற வண்டியில் பாட்டில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அந்தக் காவலரிடம் ஒரு தாள் கொடுத்து, "மேலிருந்து கீழே படி. எந்த வரி முதலில் பொருந்துகிறதோ அதன்படி செய். அதற்குக் கீழே படிக்காதே" என்று சொன்னால் எப்படியோ, ஏசிஎல் அப்படி.

"கீழே படிக்காதே" என்பதில்தான் பாதி வம்பு. முதல் வரியில் "பஸ் எல்லாவற்றையும் விடு" என்று எழுதிவிட்டு, இரண்டாம் வரியில் "பஸ்ஸில் பாட்டில் இருந்தால் நிறுத்து" என்று எழுதினால் என்ன ஆகும்? இரண்டாம் வரிக்கு வேலையே வராது. இரண்டு வரியும் தனித்தனியாகப் பார்த்தால் சரிதான். வரிசைதான் தப்பு. அலுவலகத்திலும் இதே கதைதான். "கவுன்டர் கம்ப்யூட்டர்கள் எல்லா சர்வருக்கும் போகலாம்" என்று மேலே இருந்து, "பொதுமக்கள் தொடுகிற டச் ஸ்கிரீன் பெட்டி தரவு சர்வருக்குப் போகக் கூடாது" என்று கீழே இருந்தால், இரண்டும் ஒரே முகவரி வரிசையில் இருக்கும் பட்சத்தில் அந்தப் பெட்டி ஜாலியாக உள்ளே போகும். பட்டியலைத் தணிக்கை செய்ய வருபவர் "தடை எழுதியிருக்கே" என்று டிக் அடித்துவிட்டுப் போவார்.

தாளில் எதுவும் பொருந்தாமல் கடைசி வரைக்கும் வந்த வண்டியை என்ன செய்வது? இதில் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் உண்டு. சில ஸ்விட்சுகளில் கண்ணுக்குத் தெரியாத கடைசி வரி ஒன்று இருக்கும்: "மற்ற எல்லாவற்றையும் நிறுத்து." வேறு சிலவற்றில் எழுதாததெல்லாம் அனுமதி. ஒரு கம்பெனி ஸ்விட்சில் பழகிய கை இன்னொரு கம்பெனி ஸ்விட்சில் அதே பட்டியலைப் போட்டால் கதவு முழுக்கத் திறந்தே கிடக்கும், அல்லது முழுக்கப் பூட்டிக்கொள்ளும். அதனால் கடைசி வரியை நாமே கையால் எழுதிவிடுவதுதான் நல்லது என்கிறார் அண்ணன். போகிற வழிக்கு மட்டும் எழுதிவிட்டு பதில் வருகிற வழியை மறப்பதும் அடிக்கடி நடக்குமாம். சாதாரண ஏசிஎல்லுக்கு ஞாபக சக்தி கிடையாது. போனதற்குத்தான் இது பதில் என்று அதற்குத் தெரியாது.

வைஃபை பெட்டிக் கதைக்கு வருவோம். முகவரி கொடுக்கிற வேலைக்கு டிஎச்சிபி என்று பெயர். கொடுக்கிறவர் அனுப்பும் பாக்கெட் எப்போதும் 67 என்ற எண்ணுள்ள வாசலிலிருந்து கிளம்பும். ஊழியர்களின் கேபிள் வந்து சேரும் துளைகளில் "யுடிபி, 67-லிருந்து கிளம்பி உள்ளே வருவது: நிறுத்து" என்று ஒரு வரி இருந்திருந்தால், அந்தப் பெட்டி தன் பாட்டுக்குக் கத்திக்கொண்டு கிடந்திருக்கும். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இதற்கென்றே டிஎச்சிபி ஸ்னூப்பிங் என்ற வசதியும் இப்போதைய ஸ்விட்சுகளில் உண்டு. இருக்கிறது, ஆனால் யாராவது ஆன் செய்ய வேண்டும்.

இதெல்லாம் சாதாரண விதி. யாரிடமிருந்து, யாருக்கு, எந்த வாசல் என்று பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டைப் படிப்பது. சாவடியில் நம்பர் பிளேட்டை மட்டும் பார்ப்பது மாதிரி. சில நேரம் டிக்கியைத் திறக்க வேண்டியிருக்கும். அதற்குத்தான் நாமே வடிவமைக்கிற தனிப்பயன் விதி. "இத்தனையாவது பைட்டிலிருந்து இத்தனை பைட்டை எடு, மாஸ்க் போடு, இந்த மதிப்பு வருகிறதா பார்" என்று ஸ்விட்சுக்குச் சொல்வது. கேட்கப் பயமாக இருக்கிறதா? உங்கள் போனை எடுங்கள், கையிலேயே காட்டுகிறேன்.

செட்டிங்ஸில் வைஃபைக்குள் போய், நீங்கள் சேர்ந்திருக்கிற நெட்வொர்க்கைத் தொட்டால் மேக் அட்ரஸ் அல்லது வைஃபை முகவரி என்று ஆறு ஜோடி எழுத்துகள் வரும். முதல் ஜோடியில் இரண்டாவது எழுத்தை மட்டும் பாருங்கள். 2, 6, ஆங்கில ஏ, ஆங்கில இ, இந்த நான்கில் ஒன்றா? பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். அது கம்பெனி உங்கள் போனுக்குக் கொடுத்த முகவரி இல்லை. ஆண்ட்ராய்டு 10-லிருந்தும் ஐஃபோனில் ஐஓஎஸ் 14-லிருந்தும், கடைக்குக் கடை உங்களைப் பின்தொடராமல் இருக்க, போன் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு புனைபெயர் வைத்துக்கொள்கிறது. அதனால் "இந்தந்த மேக் அட்ரஸ் போன்களை விடாதே" என்று ஊழியர் போன்களின் பட்டியலை ஸ்விட்சில் தட்டி வைத்திருந்த அலுவலகங்களில் அந்தப் பட்டியல் வெறும் காகிதம் ஆகிவிட்டது.

ஆனால் புனைபெயர் வைத்தாலும் ஓர் அடையாளம் தப்பாது. 2, 6, ஏ, இ நான்கையும் ஒன்றும் பூஜ்யமுமாக எழுதிப் பார்த்தால், எல்லாவற்றிலும் கடைசிக்கு முந்தைய இடத்தில் 1 இருக்கும். "இது தயாரிப்பாளர் கொடுத்ததல்ல, தானே வைத்துக்கொண்டது" என்பதற்கான குறி அது. பாக்கெட்டில் அனுப்புநரின் மேக் அட்ரஸ் 6-வது பைட்டில் தொடங்குகிறது, எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து. ஆக, "6-வது பைட்டை எடு, 02 என்று மாஸ்க் போடு, 02 வருகிறதா பார்." ஒரே வரியில் புனைபெயர் போட்ட போன்கள் அத்தனையும் பொருந்தும். கோவிட் காலத்தில் நாம் போட்ட மாஸ்க் மாதிரியே நினைத்துக்கொள்ளுங்கள். முகம் முழுக்க மூடி, கண் மட்டும் தெரிகிறது; காவலர் கண்ணை மட்டும் பார்த்து அடையாளம் சொல்கிறார். இந்த வரியில் ஒரு தொந்தரவும் உண்டு: கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற மெய்நிகர்க் கணினிகளும் இதே குறியோடு வரலாம், அவையும் மாட்டிக்கொள்ளும்.

இங்கே ஒரு குழி இருக்கிறது, அனுபவசாலிகளே விழுவார்கள். சாதாரண ஐபி முகவரி விதியில் மாஸ்க்கில் 0 என்றால் "இதைப் பார்", 255 என்றால் "இதை விட்டுவிடு". தனிப்பயன் விதியில் பெரும்பாலும் தலைகீழ். 1 இருக்கிற இடத்தைப் பார்க்கும், 0 இருக்கிற இடத்தை விடும். ஒரே பெட்டிக்குள் இரண்டு மரபு.

அண்ணன் எனக்குக் காட்டிய இன்னொரு விதி இதைவிட முக்கியமானது. ஒவ்வொரு அலுவலக நெட்வொர்க்கிலும் வெளியே போகும் வாசல் ஒன்று இருக்கும், கேட்வே. கம்ப்யூட்டர்கள் "கேட்வே யாரு?" என்று சத்தமாகக் கேட்கும், "நான்தான்" என்று அது பதில் சொல்லும். இந்தக் கேள்வி பதிலுக்கு ஏஆர்பி என்று பெயர். பதில் சொல்பவர் உண்மையிலேயே கேட்வேதானா என்று யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை. வைரஸ் பிடித்த ஒரு கம்ப்யூட்டர் "நான்தான் கேட்வே" என்று சொன்னால் போதும், மொத்த அலுவலகத்தின் பாக்கெட்டும் அதன் வழியாகப் போகும்.

இதைப் பிடிக்க மூன்று இடத்தில் பார்க்க வேண்டும். 12-வது பைட்டில் 0806 இருந்தால் அது ஏஆர்பி. 20-ல் 0002 இருந்தால் அது பதில். 28-லிருந்து 4 பைட்டில் "நான் இந்த ஐபி" என்று சொல்லிக்கொள்கிற முகவரி. அந்த இடத்தில் கேட்வேயின் ஐபி இருந்து, அந்தப் பாக்கெட் கவுன்டர் கேபிளிலிருந்து வருகிறது என்றால், அது பொய். நிறுத்து. உண்மையான கேட்வே தொங்குகிற துளைக்கு மட்டும் இந்த விதியைப் போடக் கூடாது. அங்கேயும் போட்டுவிட்டு "எதுவுமே வேலை செய்யலையே" என்று தலையைச் சொறிந்தவர்கள் உண்டாம்.

அடுத்து, எண்ணிக்கை தடுமாறுகிற இடம். ஒரே ஸ்விட்சைப் பிரித்துத் தனித்தனி அறைகள் ஆக்குவதற்கு விஎல்ஏஎன் என்ற முறை இருக்கிறது. அதற்கான சீட்டு ஒட்டினால் பாக்கெட்டின் நடுவில் 4 பைட் கூடுகிறது. மேக் அட்ரஸ் இருந்த இடத்திலேயே இருக்கும். அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் நகரும். 12 என்பது 16, 20 என்பது 24, 28 என்பது 32. சில மாடல்கள் வெளியே சீட்டு இல்லாவிட்டாலும் உள்ளே எப்போதும் சீட்டோடுதான் எண்ணும். விதி தப்பாகப் போனால் மணி எதுவும் அடிக்காது. பொருந்தாமலே உட்கார்ந்திருக்கும். எத்தனை முறை பொருந்தியது என்று ஸ்விட்ச் கணக்கு வைக்கும்; சோதனைக்கு ஒரு பொய் பாக்கெட் அனுப்பி அந்த எண் ஏறுகிறதா என்று பார்த்தால்தான் நிம்மதி.

இவ்வளவு மெனக்கெடல் எதற்கு, வெளியில் ஃபயர்வால் இருக்கிறதே என்று நானும் கேட்டேன். அதற்கு ஒரு பழைய கதை சொன்னார். 2003 ஜனவரி 25. ஸ்லாமர் என்ற புழு. 376 பைட்தான் அதன் உடம்பு, ஒரே பாக்கெட்டில் அடங்கிவிடும். மைக்ரோசாஃப்ட்டின் எஸ்க்யூஎல் சர்வரைக் குறிவைத்து யுடிபி 1434 என்ற வாசலுக்குப் போகும். ஆரம்பத்தில் 8.5 வினாடிக்கு ஒருமுறை இரண்டு மடங்கானது. தாக்கக்கூடிய கம்ப்யூட்டர்களில் 90 சதவீதத்துக்கு மேல் பத்தே நிமிடத்தில் பிடித்தது. அதைத் தடுக்கிற மென்பொருள் திருத்தம் 2002 ஜூலையிலேயே வந்துவிட்டது, பலர் போடவில்லை. அன்றைக்கு உலகம் முழுக்க இன்ஜினியர்கள் செய்தது இதே வேலைதான்: 1434-க்குப் போவதை நிறுத்து. அந்த வாசலை நியாயமாகப் பயன்படுத்துகிறவர்கள் இருந்த இடத்தில், "1434-க்குப் போகிற, மொத்த நீளம் 404 பைட் உள்ள பாக்கெட்டை மட்டும் நிறுத்து" என்று குறிபார்த்து எழுதினார்கள். 404 என்றால் நமக்கு வேறு ஞாபகம் வரும், அது தற்செயல்.

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்திலும் ஃபயர்வால் இருந்தது, ஸ்லாமரைத் தடுக்கக்கூடிய நிலையிலும் இருந்தது. புழு வந்தது அந்த வழியாக இல்லை. ஓர் ஒப்பந்ததாரரின் நெட்வொர்க்கிலிருந்து ஃபயர்வாலைச் சுற்றிக்கொண்டு தனி லைன் ஒன்று உள்ளே போயிருந்தது. பாதுகாப்பு அளவுகளைக் காட்டுகிற கம்ப்யூட்டர் அமைப்பு கிட்டத்தட்ட 5 மணி நேரம் செயலிழந்தது. நல்லவேளை, உலை அப்போது ஓடவில்லை. மெயின் கேட்டில் பத்து காவலர். பின்பக்கம் சமையல்கட்டுக் கதவு திறந்து கிடக்கிறது. அந்தக் கதவுதான் ஸ்விட்சில் இருக்கிற ஒவ்வொரு துளையும்.

நம் பக்கத்திலும் அணுமின் நிலையக் கதை ஒன்று உண்டு. 2019 செப்டம்பர் 4 அன்று செர்ட்-இன் அமைப்பு எச்சரித்தது. அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம் உறுதி செய்தது: கூடங்குளத்தில் நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த நெட்வொர்க்கில் ஒரு கம்ப்யூட்டரில் தீய மென்பொருள் இருந்தது. அது முக்கியமான உள் நெட்வொர்க்கிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டிருந்தது என்றும் அந்த அறிக்கையில் சொன்னார்கள். அந்தப் பிரிவினை இல்லாமல் இருந்திருந்தால் என்று யோசித்துப் பாருங்கள்.

2022 நவம்பர் 23, தில்லி எய்ம்ஸ். காலையில் வந்த நோயாளிகளுக்குப் பதிவுச் சீட்டு போட முடியவில்லை. பல நாட்கள் எல்லாமே கையெழுத்தில் நடந்தன. இந்தியாவின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் ரயிலேறி, அந்த ஒரு நாள் அப்பாயின்ட்மென்டுக்காக வந்து நின்றவர்கள் அந்த வரிசையில் இருந்தார்கள். பின்னர் மாநிலங்களவையில் அமைச்சர் பதில் தந்தார்: 5 சர்வர்கள் பாதிப்பு, சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. செர்ட்-இன் முதல்கட்ட ஆய்வில் சொன்ன காரணம், நெட்வொர்க்கைச் சரியாகப் பிரித்து வைக்காதது. நான் இதைப் படித்தபோது என் தங்கச்சியின் வரிசை ஞாபகம் வந்தது. அளவுதான் வேறு. ஒரு பட்டியலில் எழுதாமல் விட்ட வரிக்கு விலை கொடுப்பது எப்போதும் கவுன்டருக்கு வெளியே நிற்கிறவர்.

அதற்காக அவசரப்பட்டு எழுதவும் முடியாது. நம் யூனியன் பிரதேசம் எப்படி இருக்கிறது பாருங்கள். காரைக்கால் ஒரு பக்கம், கேரளத்துக் கரையில் மாஹே, ஆந்திரத்துக்குள்ளே ஏனாம். புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு ஏனாமில் இருக்கிற ஸ்விட்சில் ஒரு விதி போடுகிறார் என்று வையுங்கள். வரிசை தப்பினால் முதலில் வெளியே தள்ளப்படுவது அவர்தான். உள்ளே போக வழியில்லை, சரிசெய்ய பஸ் ஏறவேண்டும். அதனால் அனுபவசாலிகள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். விதி போடுவதற்கு முன்னால் "பத்து நிமிடத்தில் நீயே அணைந்து எழுந்திரு" என்று ஸ்விட்சுக்குச் சொல்லிவிடுவார்கள். எல்லாம் சரியென்றால் அந்தக் கட்டளையை ரத்து செய்துவிட்டு, புது விதியைச் சேமிப்பார்கள். மாட்டிக்கொண்டால் டீ குடித்துவிட்டு வரலாம். ஸ்விட்ச் பழைய பட்டியலோடு எழுந்திருக்கும்.

இந்தப் பேச்சைத் தயார் செய்யும்போது பலர் என்னிடம் கேட்ட கேள்வி: "அப்போ நான் அனுப்புற ஆதார் நம்பரையும் ஸ்விட்ச் படிக்குமா?" பைட்டைப் பார்க்கும், ஆனால் முகவரியில் எச்டிடிபிஎஸ் இருந்தால் உள்ளே உள்ள விவரம் குழப்பிய எழுத்தாகத்தான் தெரியும். ஸ்விட்சுக்கும் தெரியாது, இடையில் உட்கார்ந்திருக்கிற பொய் கேட்வேக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பொய் கேட்வே உங்களை வேறு தளத்துக்குத் திருப்பிவிட முயலலாம். பிரவுசர் "இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல" என்று எச்சரித்தால், அவசரத்தில் "பரவாயில்லை, தொடரவும்" அழுத்தாதீர்கள். பஸ் ஸ்டாண்ட் வைஃபையில் இருந்தாலும் சரி, அலுவலக வைஃபையில் இருந்தாலும் சரி.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இப்போதைய வைஃபை பெட்டிகள் பலவற்றில் கெஸ்ட் நெட்வொர்க் என்று ஒரு வசதி இருக்கிறது. டிவி, கேமரா, விருந்தாளி போன் இவற்றை அதில் விட்டால் உங்கள் லேப்டாப்பிலிருந்து பிரிந்து நிற்கும். எய்ம்ஸில் இல்லாமல் போன பிரிவினையின் சின்ன வடிவம் அது. ஆன்லைன் விண்ணப்பம் போடுகிற கடை வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். உங்கள் சிசிடிவியும், ஊர் ஜனங்களின் சான்றிதழ் ஸ்கேன் ஆகிற கம்ப்யூட்டரும் ஒரே அறையில் இருக்க வேண்டாம். வீட்டுப் பழைய வைஃபை பெட்டியை அலுவலகத்துக்குக் கொண்டு போகாதீர்கள் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை என நினைக்கிறேன்.

கவுன்டரில் அடுத்த முறை "சர்வர் டவுன்" என்றால் சண்டை போடாதீர்கள், அந்த அம்மாவுக்கும் அதற்கு மேல் தெரியாது. உங்கள் போனில் தளத்தைத் திறந்து பாருங்கள். திறந்தால், "என் போனில் வருதுங்க, உங்க நெட்வொர்க்கைப் பார்க்கச் சொல்லுங்க" என்று பணிவாகச் சொல்லுங்கள். நாங்கள் அன்றைக்கு அப்படித்தான் சொன்னோம். உள்ளேயிருந்து ஒருவர் வந்து என் போனை வாங்கிப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் போனார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு ஒருவர் வெளியே போவது தெரிந்தது. கம்ப்யூட்டர்களை அணைத்துப் போட்டார்கள். கடைசி நாள் சாயங்காலம், கவுன்டர் மூடுவதற்கு இருபது நிமிடம் இருக்கும்போது தங்கச்சி கையில் சான்றிதழ் வந்தது. அவளுக்குப் பின்னால் இன்னும் பதினைந்து பேராவது நின்றிருந்தார்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். அதற்கு முன்னால், போனில் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ நான்கில் எதுவும் வராதவர்கள் கையைத் தூக்குங்கள், பார்ப்போம்.